ரேடார் வைத்து வண்டியின் சொந்த வேகத்தைக் கணக்கிடுகிறோம்: நேராக ஓட்டினாலும் பாதை வளைகிறதே, ஏன்?

பேட்டரிவண்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட். வளாகத்துக்குள் ஓடும் பேட்டரி வண்டியின் முன்பக்கம், நடுவில், 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டு ஒன்றை மாட்டியிருக்கிறோம். 3 அனுப்பும் ஆண்டெனா, 4 வாங்கும் ஆண்டெனா, அடுத்தடுத்த சிர்ப்புக்கு (ரேடார் அனுப்பும் ஒரு அலைத்துடிப்புக்கு) இடையே 50 மைக்ரோசெகண்ட். ஜிபிஎஸ் இல்லாமல், சக்கர என்கோடர் இல்லாமல், ரேடார் மட்டுமே வைத்து வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று சொல்ல வேண்டும்.

செய்தது இதுதான். மரம், சுவர், விளக்குக் கம்பம் எல்லாம் நிற்கின்றன, நகர்வது நாம்தான். அதனால் ரேடார் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியின் டாப்ளர் வேகமும், அதாவது அது நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகமும், அது இருக்கும் கோணத்தைப் பொறுத்து ஒரு சைன் வளைவில் விழ வேண்டும். நேர் எதிரே உள்ளதில் முழு வேகமும் தெரியும், பக்கவாட்டில் போகப் போகக் குறையும். 2013-ல் கெல்னரும் குழுவினரும் எழுதிய கட்டுரையில் உள்ளபடி ரான்சாக் (பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத புள்ளிகளைத் தள்ளும் முறை) போட்டு நகரும் ஆட்களை விலக்கி, மிச்சத்துக்கு லீஸ்ட் ஸ்குவேர்ஸ் முறையில் பொருத்தமான வளைவைப் போட்டோம். முன்வேகமும் பக்கவேகமும் வந்துவிடுகின்றன. ரேடார் பின் அச்சுக்கு 1.8 மீட்டர் முன்னால் இருப்பதால் பக்கவேகத்தை 1.8-ஆல் வகுத்தால் திரும்பும் வேகம்.

இரண்டு சிக்கல். ஒன்று, 100 மீட்டர் நேராக ஓட்டினால் கணக்கிட்ட பாதை 60 டிகிரி போல இடப்பக்கம் வளைந்துவிடுகிறது. இரண்டு, மணிக்கு 23 கிலோமீட்டரைத் தாண்டினால் எதிரே வரும் மரம் திடீரென விலகிப் போவதாகக் காட்டுகிறது. மூன்று வாரமாக ரான்சாக்கின் வரம்புகளை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துவிட்டோம். பேசாமல் ஸ்கேன் மேட்சிங் (அடுத்தடுத்த ரேடார் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி நகர்வைக் காணும்) முறைக்குப் போய்விடலாமா?

அலைநீளம் எழுதியது:

ரான்சாக்கை விட்டுவிடுங்கள் தம்பி, அதில் தவறு இல்லை. முதலில் ஒரு கேள்வி. மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் 100 மீட்டருக்கு அதே 60 டிகிரிதானா? ஆமாம் என்றால் ரேடாரைப் பிடித்திருக்கும் உங்கள் பிராக்கெட் கோணலாக இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். ரேடார் 1 டிகிரி திரும்பி நின்றால், நேராகப் போகும்போதும் வண்டியின் வேகத்தில் சைன் 1 டிகிரி அளவு, அதாவது சுமார் 1.7 சதவீதம், பக்கவேகமாகத் தெரியும். மீட்டருக்கு 0.0175 மீட்டர் பக்கவாட்டு நகர்வு, அதை 1.8-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.0097 ரேடியன், 100 மீட்டரில் ஏறக்குறைய 55 டிகிரி. உங்களுக்கு 60 வருகிறது, அப்படியானால் பிழை 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கண்ணால் பார்த்தால் இந்தக் கோணல் தெரியவே தெரியாது. இது தூரத்தைப் பொறுத்து வளரும் பிழை, நேரத்தைப் பொறுத்து அல்ல. ஜைரோவின் (திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சாரின்) பிழை என்றால் மெதுவாக ஓட்டும்போது அதிகமாக வளையும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எது குற்றவாளி என்று பிரித்துவிடலாம்.

சரிசெய்வது சுலபம். நேரான சாலையில் வெள்ளைக் கோட்டை ஒட்டியே ஓட்டுங்கள். பக்கவேகத்தை முன்வேகத்தால் வகுத்து ஆர்க்டேன் எடுத்து, முழு ஓட்டத்துக்கும் சராசரி பாருங்கள். அதுதான் பிராக்கெட்டின் கோணல், கோணங்களிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை செய்தால் இன்னும் நல்லது. ரேடார் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னால் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அது கோணத்துக்குக் கோணம் வேறுமாதிரி வளைக்கும், ஒரே எண்ணைக் கழித்தால் தீராது.

ஸ்கேன் மேட்சிங் வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் அப்படிச் செய்தார்கள், ஆனால் அது டாப்ளரே தராத, நொடிக்கு 4 முறை சுற்றும் நாவ்டெக் ரேடார். உங்களுக்குப் படுக்கைவாட்டில் 8 மெய்நிகர் ஆண்டெனாதான் (2 அனுப்பும், 4 வாங்கும் ஆண்டெனாவின் பெருக்கல்), கோணப் பிரிதிறன், அதாவது இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காட்டத் தேவையான கோண இடைவெளி, 15 டிகிரிக்கு அருகில். அந்தப் படத்தை வைத்து எதை எதோடு பொருத்துவது? உங்கள் கையில் இருக்கும் நல்ல சரக்கு டாப்ளர்தான். 1969-ல் அப்போலோ 11-இன் இறங்குகலம் நிலவை நெருங்கும்போது தன் வேகத்தை அளந்ததும் டாப்ளர் கற்றைகளால்தான், எனக்கு இந்த முறைமேல் இருக்கும் பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ராத்திரிஷிஃப்ட் எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு: மூன்று அனுப்பும் ஆண்டெனாவும் மாறி மாறி அனுப்புகின்றன, அதனால் ஒரே ஆண்டெனா மறுபடி அனுப்ப 150 மைக்ரோசெகண்ட் ஆகிறது. அலைநீளம் 3.9 மில்லிமீட்டர். அதை 4 மடங்கு 150 மைக்ரோசெகண்டால் வகுத்தால் நொடிக்கு 6.5 மீட்டர், மணிக்கு 23 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் வேகம் மறுபக்கம் புரண்டுவிடும். பதிவான லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள், நேர் எதிரே உள்ள புள்ளிகள்தான் முதலில் புரண்டிருக்கும், 60 டிகிரி பக்கவாட்டில் உள்ளவை சரியாகவே இருக்கும்.

மூன்றாவது ஆண்டெனா உயரக் கோணத்துக்குத்தான் என்றால் அதை அணைத்துவிடுங்கள், மணிக்கு 35 கிலோமீட்டர் வரை கிடைக்கும். ஆனால் தலைக்குமேல் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தப் புள்ளிகள் வேகத்தைக் குறைத்துக் காட்டும், உயரம் தெரியாததால் அவற்றைப் பிரிக்கவும் முடியாது. கிட்டத்தில் உள்ள புள்ளிகளை, 5 மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

பேட்டரிவண்டி எழுதியது:

அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. பிராக்கெட் கோணல் 1.1 டிகிரி! மணிக்கு 10-லும் 20-லும் அதே வளைவுதான் வந்தது. கழித்த பிறகு 100 மீட்டருக்கு 5 டிகிரிதான் வளைகிறது. ஆண்டெனாவை அணைத்ததும் 30 வரை சுத்தமாக ஓடுகிறது. அந்த 5 டிகிரியையும் போக்க முடியுமா?

அலைநீளம் எழுதியது:

0.1 டிகிரி மிச்சம் இருந்தாலே 5 டிகிரிக்கு மேல் வரும், அதனால் கோணத்தோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம். மலிவான ஜைரோ ஒன்று சேருங்கள். திரும்புவது ஜைரோவிடமிருந்து, வேகம் ரேடாரிடமிருந்து. வண்டி நின்றுவிட்டதை ரேடார் தெளிவாகச் சொல்லும், அந்த நொடியில் ஜைரோ காட்டும் எண்தான் அதன் பிழை, அங்கேயே கழித்துவிடலாம்.

ராத்திரிஷிஃப்ட் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. வளாகத்துக்குள் கல்லூரிப் பேருந்து வரும் அல்லவா? நாங்கள் சோதனை ஓட்டத்தில் சிக்னலில் நின்றபோது முன்னால் நின்ற பேருந்து கிளம்பியது, எங்கள் வண்டி பின்னால் போவதாகக் கணக்கு வந்தது. பேருந்து முழுக்கப் புள்ளிகள், எல்லாம் ஒரே வேகம், ரான்சாக் பெரும்பான்மையைத்தான் நம்பும். 50 மில்லிசெகண்ட் ஃப்ரேமுக்குள் (ரேடாரின் ஒரு அளவீட்டுச் சுற்றுக்குள்) எந்த வண்டியாலும் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகம் மாற்ற முடியாது என்று ஒரு வரம்பு போட்டோம், ஆனால் பேருந்து மெதுவாகக் கிளம்பினால் அதற்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. கடைசியில் சக்கரத்தில் ஒரு காந்த சென்சார் வைத்து, நிற்கிறோமா ஓடுகிறோமா என்பதை மட்டும் அதனிடம் கேட்டோம். உங்கள் விதியில் சக்கர சென்சாருக்கு இடமில்லை என்றால், நிற்கும்போது ஜைரோவோடு இருக்கும் முடுக்கமானியின் அதிர்வைப் பாருங்கள், ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும் அதில் பளிச்சென்று வேறுபடும்.