தி டார்க் நைட்: போய்ப் பார்த்த இடங்களும் கடைசியில் வரும் இரண்டாவது பெயரும்

இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படங்களோடு அவரவருக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் 'தி டார்க் நைட்' வந்தபோது கோவையில் ஒரு சாதாரணத் திரையில் பார்த்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே கதவைத் திறந்துவிட்டார்கள், பாதியில் புரொஜெக்டரையும் நிறுத்திவிட்டார்கள். அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. பத்து வருடம் கழித்து, வேலைக்காக டொரண்டோவில் இருந்த சமயம், 2018 ஆகஸ்டில் அதே படத்தை 70 மில்லிமீட்டர் ஐமேக்ஸ் பிலிமில், அதாவது ராட்சதத் திரைக்கான பெரிய பிலிமில், மறுபடி திரையிட்டார்கள். சில ஊர்களில் மட்டும்தான், அதில் டொரண்டோவும் ஒன்று. ஏரிக்கரையில் வெள்ளை உருண்டை மாதிரி நிற்கிற சினிஸ்பியர் அரங்கம். 1971-ல் திறந்தது, உலகத்தின் முதல் நிரந்தர ஐமேக்ஸ் அரங்கம் அதுதான்.

அந்த முதல் ஆறு நிமிட வங்கிக் கொள்ளையை அங்கே பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இந்தப் படத்தில் ஏறக்குறைய 28 நிமிடம் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தது, அந்த இடங்கள் வரும்போதெல்லாம் படம் திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை நிரம்பிவிடும், மற்ற நேரம் சுருங்கிக்கொள்ளும். ஒரு பெரிய கமர்ஷியல் படத்தின் முக்கியக் காட்சிகளை அந்தக் கனமான, இரைச்சல் போடுகிற கேமராவில் எடுத்தது அதுதான் முதல் தடவை. அப்போது உலகத்திலேயே அந்த வகையில் நாலே கேமராதான் இருந்ததாம். சேஸிங் காட்சி எடுக்கும்போது அதில் ஒன்று நொறுங்கிப்போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்ததும் நான் எழுந்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் எழவில்லை. அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் நானும் உட்கார்ந்தேன். டொரண்டோவில் நடக்கிற ஷூட்டிங்குகளில் லைட்மேனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவராம். "நம்ம ஆட்கள் பெயர் வரும், அதற்குள் எப்படிப் போவது?" என்றார். அப்போதுதான் அந்த வரி வந்தது: எங்கள் நண்பர்கள் ஹீத் லெட்ஜர், கான்வே விக்லிஃப் நினைவாக. லெட்ஜர், படத்தில் வில்லன் ஜோக்கராக நடித்தவர். "முதல் பெயர் எல்லோருக்கும் தெரியும், இரண்டாவது யார் தெரியுமா தம்பி?" என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தை அதற்கு முன் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது, அப்படியும் தெரியவில்லை.

விக்லிஃப் நியூசிலாந்துக்காரர், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் தொழில்நுட்பக் கலைஞர். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரேயில் இந்தப் படத்தின் ஒரு ஸ்டன்டுக்காக ஒத்திகை ஓட்டம். ஸ்டன்ட் காருக்கு இணையாக ஓடிய வண்டியில் கேமராவோடு இருந்தார். அந்த வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பாமல் மரத்தில் மோதிவிட்டது. வயது 41. ஹீத் லெட்ஜர் இறந்தது அதற்கு நாலு மாதம் கழித்து, 2008 ஜனவரி 22.

அன்று இரவு முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடக் கடைசியிலேயே காரை எடுத்துக்கொண்டு, படத்தின் தெருக் காட்சிகளை எடுத்த சிக்காகோவுக்குப் போய்விட்டேன்.

லசால் தெருவில் நின்றால் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பின மாதிரி கட்டடங்கள், தெருக்கோடியில் போர்ட் ஆஃப் டிரேட் கட்டடம். படத்தில் இந்தத் தெருவில் லாரி தலைகுப்புற விழுவது கிராபிக்ஸா என்று இங்கேயே மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முழு நீள லாரி, உண்மையான தெரு. எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் கிறிஸ் கோர்போல்ட் சின்ன வண்டியாக வைத்துக்கொள்ளலாமே என்று நோலனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார், நோலன் விடவில்லை. அப்புறம் லாரியின் பின்பெட்டிக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்டனைப் பொருத்தி, முதலில் வெட்டவெளியில் சோதித்துப் பார்த்து, பிறகுதான் நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள். உள்ளே ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார், ஜிம் வில்கி என்ற ஸ்டன்ட் டிரைவர். அந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தக் காட்சி எடுத்த வாரம் அவருக்கு இரவு ஷிப்டாம். "சத்தம் காதுக்கு வருவதற்கு முன் காலுக்கு வந்தது" என்று சொல்லிவிட்டுத் தரையைத் தட்டிக் காட்டினார்.

கொள்ளை நடக்கிற வங்கி, உண்மையில் சிக்காகோவின் பழைய தலைமைத் தபால் நிலையம். அதன் வயிற்றுக்கு அடியிலேயே நெடுஞ்சாலை போகும். நான் போனபோது உள்ளே புதுப்பிக்கும் வேலை நடந்ததால் வெளியிலிருந்துதான் பார்த்தேன்.

பேட்மேனின் பைக்கான பேட்பாடை, பேட்மேனாக நடித்த கிறிஸ்டியன் பேல் ஓட்டினாரா? இல்லை. ஜான் பியர் கோய் என்ற ஸ்டன்ட்காரர் ஒருவருக்குத்தான் அது அடங்கியது.

ஆஸ்பத்திரி வெடிக்கும் காட்சியில் ஜோக்கர் நின்று ரிமோட்டைத் தட்டுவாரே, வெடி சொதப்பியதால் லெட்ஜர் அந்த இடத்திலேயே சமாளித்தார் என்ற கதையை நானும் பத்து வருடம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். அது நடந்தது அப்படி இல்லை. இடிக்கப்பட இருந்த பிராக்ஸ் மிட்டாய்த் தொழிற்சாலை அது, 2007 ஆகஸ்ட் 29 அன்று வெடித்தார்கள், இரண்டாவது டேக் கிடையாது. முதலில் சின்ன வெடிகள், நடுவில் ஒரு இடைவெளி, பிறகு பெரிய வெடி என்று முன்கூட்டியே திட்டமிட்டதுதான். அந்த இடைவெளிக்குள் நடிகர் பாதுகாப்பாக பஸ்ஸை நோக்கிப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பை லெட்ஜர் நடிப்பால் நிரப்பியது அவருடைய திறமை. ஆனால் அதை விபத்து என்று சொன்னால் மாதக்கணக்கில் கணக்குப் போட்டவர்களின் உழைப்பு காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜோக்கர் வேடம்தான் லெட்ஜரைக் கொன்றது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 2007 நவம்பரிலேயே இந்தப் படத்தின் ஷூட்டிங் முடிந்துவிட்டது, இறக்கும்போது அவர் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுதிக்கொடுக்கிற வகை மருந்துகள் பல ஒன்றாகச் சேர்ந்ததால் நேர்ந்த விபத்து என்பதுதான் பிரேதப் பரிசோதனை முடிவு. அந்த வேடத்தை அவர் ரசித்துச் செய்தார் என்று அவருடைய அக்காவே சொல்லியிருக்கிறார். ஜோக்கர் அனுப்பும் வீடியோக்களைக்கூட அவரையே எடுக்க விட்டிருந்தார் நோலன்.

ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். மூன்றாவது படமான 'தி டார்க் நைட் ரைசஸ்'-ல் புரூஸ், அதாவது பேட்மேன், கிணறு மாதிரியான பாதாளச் சிறையிலிருந்து ஏறி வெளியே வருகிற இடம் அங்கேதான், 2011 மே மாத வெயிலில் எடுத்தார்கள். கிணறு எங்கே என்று வழிகாட்டியிடம் நானும் ஆசையாகக் கேட்டேன், கேட்காதவர்களே இல்லை என்று சிரித்தார். உள்பக்கக் கிணறு முழுவதும் இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற இடத்தில், ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டிய பழைய கொட்டகைக்குள் போட்ட செட்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா பையனுக்கு வீட்டு டிவியில் 'தி டார்க் நைட்' போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவன் ரிமோட்டை எடுத்தான். "இரு, இரண்டு பேர் வரணும்" என்றேன். வந்தார்கள். இரண்டாவது யார் மாமா என்று கேட்டான்.