மனசை விட்டுப் போகாத ஒரு பக்கம்: பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸும் வரைந்தவர்களும் (ஓர் இணையக் குழுவின் அனுபவப் பகிர்வு, ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ஏற்காடு எக்ஸ்பிரஸ்

ஸ்பைடர்மேன் 33ஆம் இதழ். இங்கே இருப்பவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. வில்லன் டாக்டர் ஆக்டபஸின் தண்ணீருக்கடி மறைவிடம், முதுகின் மேல் மலை மாதிரி இயந்திரம், கைக்கு எட்டாத தூரத்தில் மே அத்தைக்கான மருந்து.

நான் அதைப் படித்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். அப்பா ஐசியூவில் இருந்தார். ரத்தம் ஏற்பாடு செய்யப் போன ஆள் இன்னும் வரவில்லை. தம்பி பையில் வைத்திருந்த மறுபதிப்பைச் சும்மா கையில் வாங்கினேன். கதையில் அத்தைக்கு விஷமாகிப் போனது பீட்டரே, அதாவது ஸ்பைடர்மேனே, கொடுத்த ரத்தம் என்று வருகிறதே, அங்கேயே எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம் அந்த அஞ்சு பக்கங்கள். மேலே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முகமூடிக்குள் முகமே தெரியாத ஒருவன் தோளை ஒரு விரற்கடை நகர்த்துகிறான், மறுபடி சரிகிறான், மறுபடி நகர்த்துகிறான். அவன் நிமிர நிமிரக் கட்டமும் பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு முழுப் பக்கம், இயந்திரம் அவன் தலைக்கு மேலே. நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "என்னப்பா, கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

அப்பா பிழைத்துவிட்டார். என்னை விடாமல் அரிப்பது வேறு. 25ஆம் இதழிலிருந்தே கதையமைப்பு ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுடையது என்று இதழிலேயே அச்சாகியிருக்கிறது. டிட்கோ வரைந்து முடித்து அனுப்புவார், ஸ்டான் லீ வசனம் எழுதுவார். அந்தச் சமயத்தில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. 38ஆம் இதழோடு டிட்கோ போய்விட்டார். 2018இல் 90 வயதில் இறக்கும்வரை அரை நூற்றாண்டு பேட்டி தரவில்லை. அவர் போன பிறகு வந்தது எனக்கு வேறு ஒரு கதைதான்.

உங்களுக்கு எந்தப் பக்கம்?

தம்பூரா

எனக்குப் பக்கம் இல்லை, ஒரு வேலி.

கிளீவ்லண்டில் தியாகராஜ ஆராதனைக்கு மகளைப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தோம். அவள் பாடி முடித்த மறுநாள், கிளென்வில் பேட்டைக்குப் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஜெர்ரி சீகல் சூப்பர்மேனை எழுதிய வீடு கிம்பர்லி அவென்யூவில் இன்னும் இருக்கிறது. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். அதை வரைந்த ஜோ ஷஸ்டர் இருந்த குடியிருப்பை எப்போதோ இடித்துவிட்டார்கள். அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு, 1938 ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் சூப்பர்மேன் பக்கங்களைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள்.

மகள் வேலியை ஒட்டி நடந்தபடியே சத்தமாக வாசித்தாள். அந்த முதல் கதையில் வேற்றுக்கிரக வில்லனெல்லாம் கிடையாது. மின்சார நாற்காலிக்குப் போக இருந்த நிரபராதிப் பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை பெல்ட்டால் அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். "அம்மா, இத எழுதினவங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

130 டாலர் என்றேன். பக்கத்துக்குப் பத்து டாலர், 13 பக்கம். சூப்பர்மேன் மேல் இருந்த எல்லா உரிமையும் அந்தப் பணத்திலேயே போய்விட்டது. வேறு வேலைகளுக்கான பணத்தையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே காசோலை. அதில் இரண்டு பேருடைய பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள். பணத்தை எடுக்க, பின்பக்கம் தப்பான பெயரையும் எழுதி, சரியான பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதே காசோலை 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது.

பணம்கூடப் பரவாயில்லை. அந்தப் பெயர் விஷயத்தைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வைகைக்கரை

தம்பூரா அக்கா, 130 டாலர் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதோடு நிறுத்துவதுதான் சரியில்லை. அந்தக் காலத்தில் பக்கக் கூலிக்கு உரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுப்பதுதான் தொழிலின் வழக்கம். அதற்குப் பின்னும் பல வருடம் அவர்கள் இருவருக்கும் சூப்பர்மேன் வேலை வந்தது, நல்ல வருமானமும் இருந்தது. உண்மையான அநியாயம் 1947இல் வழக்குப் போட்ட பிறகு நடந்தது. வேலை போயிற்று. கதைகளின் தலைப்பில் வந்துகொண்டிருந்த இருவர் பெயரும் போயிற்று. ஷஸ்டருக்குக் கண்பார்வையும் குறைந்துவிட்டது. 1975இல் சூப்பர்மேன் படத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கைமாறுகிறது என்று செய்தி வந்தபோது, சீகல் கலிபோர்னியாவில் குமாஸ்தா வேலையில் இருந்தார். மனம் கொதித்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் நீளமாகக் கடிதம் எழுதினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் தெருவில் இறங்காத குறையாகப் போராடிய பிறகுதான், ஆளுக்கு வருடம் 20,000 டாலர் உதவித்தொகையும் இழந்த பெயரும் கிடைத்தன. ஓவியனுக்காக ஓவியன் நின்ற அந்தப் பகுதியையும் மகளிடம் சொல்லுங்கள்.

என்னுடைய அனுபவம் சின்னது. 2016இல் மதுரையில் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் படம் பார்க்கப் போனேன். 'பாப் கேன், பில் ஃபிங்கருடன்' என்று ஒரு வரி திரையில் வந்து போனது. நான் விசிலடித்தேன். அரங்கில் வேறு யாரும் அடிக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஹீரோ எங்கே என்று திரையைத் தேடினார்.

ஹீரோ அந்த வரியில்தான் இருந்தார். பேட்மேனுக்கு ஓவியர் பாப் கேன் முதலில் வரைந்து வைத்திருந்தது சிவப்பு உடை, விறைப்பான சிறகு, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. காதுவைத்த தலைமூடி, மேலங்கி, சாம்பல் நிறம் எல்லாம் ஃபிங்கர் சொன்னவை. 1939இல் வந்த முதல் கதையை எழுதியதும் அவர்தான். பேட்மேனைப் படைத்தவர் என்று அவர் பெயர் எங்கேயும் வராமலே 1974இல் இறந்துபோனார். மார்க் டைலர் நோபில்மேன் என்ற எழுத்தாளர் வருடக்கணக்கில் அலைந்து விவரங்களைத் திரட்டினார், ஃபிங்கரின் பேத்தி உரிமை கேட்டு நின்றார், 2015இல் வழி பிறந்தது. 76 வருடம் ஆகியிருக்கிறது.

பனிமழை, டொரோன்டோ

தம்பூரா அக்கா, ஜோ ஷஸ்டர் எங்கட ஊரில் பிறந்தவர். 1914இல் இங்கே பிறந்து, சின்ன வயதில் கிளீவ்லண்டுக்குப் போனவர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்சல் போடும் வேலை செய்தேன். கிங் வீதிப் பக்கம் ஒரு நாள் சரியான பனி, விலாசம் ஒன்றும் பிடிபடவில்லை. பலகையில் இருந்த பனியைக் கையால் துடைத்தேன். 'ஜோ ஷஸ்டர் வே' என்று இருந்தது. வாகனத்தை ஓரம் கட்டிவிட்டு அண்ணைக்கு போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் நான் சூப்பர்மேன் படம் கீறக் கீற, "கீறிச் சோறு தின்னலாமோ?" என்று பேசினவர் அவர்தான். இந்த மனுசன் பெயரில் கனடாவில் ஒரு வீதியே இருக்கு அண்ணை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ இப்பவும் கீறுறனியோ?" என்று கேட்டார்.

ஷஸ்டர் சின்னப் பெடியனாக டொரோன்டோ ஸ்டார் பேப்பர் விற்றவர். ஆரம்பக் கதைகளில் கிளார்க் கென்ட் வேலை செய்யும் பத்திரிகைக்கு 'டெய்லி ஸ்டார்' என்றுதான் பெயர். 'டெய்லி பிளானட்' பிறகு வந்தது.

இயற்பியல் டீச்சர்

ஏற்காடு எக்ஸ்பிரஸ், டிட்கோ போனதும் வேறு கதை என்கிறீர்களே, 121ஆம் இதழை என்ன செய்வீர்கள்? 1973, ஜெரி கான்வே எழுதி கில் கேன் வரைந்தது. பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுகிறாள், ஸ்பைடர்மேன் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். அவள் கழுத்துப் பக்கத்தில் குட்டி எழுத்தில் 'ஸ்னாப்'. அவ்வளவுதான். கதையின் தலைப்பைக்கூட முதல் பக்கத்தில் போடவில்லை, கடைசிப் பக்கத்தில்தான் போட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு உந்தம் நடத்தும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். 80 மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 40 மீட்டர், நெடுஞ்சாலையில் பறக்கும் காரைவிட அதிகம். அதை அரை நொடியில் நிறுத்தினால், உடல் எடையைப் போல எட்டு மடங்கு நிகர விசை உடம்புக்கு வரும். இதைக் கரும்பலகையில் போட்டு முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், "அப்ப அவன்தான் கொன்னானா மிஸ்?" என்றான்.

விழுந்த அதிர்ச்சியிலேயே இறந்தாள் என்று வில்லன் சொல்வதைச் சொன்னேன். வலை சட்டென்று நிறுத்தியதுதான் காரணம் என்று பின்னர் ஓர் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அவன் சமாதானமாகவில்லை. "காப்பாத்தத்தானே மிஸ் பிடிச்சான்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்த வருடத்துக்கு முந்தைய வருடம் அவன் வீட்டில் என்ன நடந்தது என்று சக ஆசிரியை பிறகு சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கை நடத்தும் ஒவ்வொரு முறையும் அவன் குரல் கேட்கிறது. மெதுவாக நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள் என்ற பகுதியை இப்போதெல்லாம் விளக்கமாக நடத்துகிறேன்.

பரண்

தாத்தா வீட்டுத் தகரப்பெட்டியில் இந்திரஜால் காமிக்ஸ் இருந்தது. லீ ஃபாக்கின் வேதாளர் (ஃபேன்டம்) தானே உடம்போடு ஒட்டிய உடைக்கும் விழி தெரியாத முகமூடிக்கும் முன்னோடி, 1936, சூப்பர்மேனுக்கே இரண்டு வருடம் மூத்தவர். பெட்டியைத் திறந்தேன். அட்டை இருந்தது. உள்ளே கையை வைத்ததும் மாவாக உதிர்ந்தது. ராமபாணப் பூச்சி.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் தயவுசெய்து கேளுங்கள். பழைய காமிக்ஸ் மலிவான மரக்கூழ்த் தாள். அதிலேயே அமிலம் இருக்கிறது, யாரும் தொடாவிட்டாலும் மஞ்சளாகி நொறுங்கும். வெயிலும் ஈரமும் அதை வேகப்படுத்தும். லேமினேட் செய்யாதீர்கள், அமிலத்தையும் உள்ளேயே பூட்டிவிடுவீர்கள், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் வேண்டாம், பசை ஊறிப் பழுப்புக் கறை நிற்கும். கடையில் கிடைக்கும் மெத்துமெத்தென்ற பிவிசி உறை கூடாது. பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் முதுகு வளையும். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள். அந்துருண்டை தாளில் படக் கூடாது, வாடை ஜென்மத்துக்கும் போகாது. பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் இறங்கும், நாலு விரல் தள்ளி வையுங்கள். பூச்சி வந்துவிட்டதென்றால், காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதாமாதம் பாருங்கள்.

தூரிகை

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் சூடாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் பல வருடம் சித்திரக்கதை வரைந்தேன். பத்திரிகை நின்றபோது என் மூலப்படங்களைக் கேட்கப் போனேன். அங்கிருந்தவர் முகத்தில் கோபமே இல்லை, நிஜமான ஆச்சரியம். "படம்தான் அச்சாயிடுச்சே, அப்புறம் எதுக்கு சார்?" எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

அதனால்தான் ஓவியர் ஜாக் கர்பி பெயரைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். எண்பதுகளில் மார்வெல் நிறுவனம் பழைய மூலப்படங்களை ஓவியர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தபோது, மற்றவர்களுக்கு ஒரு பக்கப் படிவம், கர்பிக்கு மட்டும் நாலு பக்கம். எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். ஃபென்டாஸ்டிக் ஃபோர், தோர், ஹல்க், எக்ஸ்-மென் எல்லாவற்றுக்கும் முதலில் உருவம் கொடுத்த கை அது. அமெரிக்காவைப் போருக்கு இழுத்த பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு வருடம் முன்பே கேப்டன் அமெரிக்காவை ஹிட்லர் முகத்தில் குத்தவைத்து அட்டை வரைந்தவர், பிறகு நிஜப் போருக்கே பிரான்ஸ் போனவர். படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். சக ஓவியர்கள் கூட்டமாகக் கையெழுத்திட்டு ஆதரித்தார்கள். 1987இல் சுமார் 1,900 பக்கங்கள் வந்தன. அவர் அங்கே வரைந்தது 10,000 பக்கங்களுக்கும் மேல்.

அந்தப் பக்கங்களின் நகல்களை இணையத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கும். இவன் இன்னதற்காகப் போகிறான், இவள் இதைச் சொல்கிறாள் என்று கர்பி தன் கைப்பட எழுதியது. ஸ்டான் லீ அதைப் பார்த்து வசனம் எழுதுவார். கதை யாருடையது என்று சண்டை போடுகிறவர்கள் முதலில் அந்த ஓரங்களைப் படியுங்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழ்ப் பக்கங்கள் வந்தபோது, தான் சொல்லாத ஓர் ஆள் அலைச்சறுக்குப் பலகையில் பறந்துகொண்டிருந்ததைப் பார்த்து, யார் இவன் என்று கேட்டதாக லீயே சொல்லியிருக்கிறார். அவன்தான் சில்வர் சர்ஃபர். லீ ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சர்ஃபருக்கு அந்தச் சோகமான பேச்சைக் கொடுத்தவர் லீ. ஏற்காடு எக்ஸ்பிரஸ் சொன்ன பக்கத்திலும் அவர் வசனம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெற்றுத் தாளின் முன்னால் முதலில் உட்கார்ந்தது யார் என்பதை மறைக்கக் கூடாது. கர்பி 1994இல் இறந்தார், குடும்பத்தோடு மார்வெல் சமரசம் செய்துகொண்டது 2014இல்.

பரண் சார், என்னிடம் மிச்சமிருப்பது வீட்டில் வைத்து வரைந்த கொஞ்சம் படங்கள். ஐவரி அட்டையில் இந்தியன் மசி. சுருட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பரண்

சுருளை உடனே பிரிக்காதீர்கள், மசி வெடிக்கும். காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும் நாளில் சமதளத்தில் தானாக விரிய விடுங்கள், ஓரத்தில் மட்டும் கனம் வையுங்கள், இஸ்திரி கூடவே கூடாது. முதலில் 600 டிபிஐயில் ஸ்கேன். அப்புறம் படத்துக்குப் படம் அமிலமில்லாத தாள் இடையில் வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். பின்பக்கம் பென்சிலில் உங்கள் பெயரும் வருடமும். பேனா வேண்டாம், ஊறும். எந்த ஊர் என்று சொல்லுங்கள், பக்கம் என்றால் அட்டையும் உறையும் நானே கொண்டுவருகிறேன்.