சன்ஸ்கிரீன்: ‘தடுப்பான்’ வேண்டாம், ‘உறிஞ்சி’யும் வேண்டாம்

வணக்கம்.

சன்ஸ்கிரீன் களிம்புக்கான கலைச்சொல் பட்டியலில் உள்ள ‘சூரியத் தடுப்பான்’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. முழுக்கத் தடுக்கும் களிம்பு எதுவும் இல்லை. எஸ்.பி.எஃப். (உறையில் போடும் காப்பு எண்) 30 என்றால், தோலைச் சுடும் புறஊதா-பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. அதுவும் சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசினால்தான். பெரும்பாலோர் பூசுவது அதில் பாதியோ, அதற்கும் குறைவோ. ‘சன்பிளாக்’ என்று உறையில் அச்சிடக் கூடாதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இலேயே விதி செய்தது. அங்கே கழித்த சொல்லை இங்கே புதிதாக வார்ப்பானேன்? ‘வெயில்காப்பு’ போதும்.

‘இயற்பியல் தடுப்பான்’, ‘வேதித் தடுப்பான்’ என்ற பிரிவு இன்னும் தவறு. ‘இயற்பியல்’ வகை எனப்படும் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பிவிடுவதாகப் பலரும் நம்புகிறார்கள். முகத்தில் வெள்ளையாகப் படிவது, கண்ணுக்குத் தெரியும் ஒளி சிதறுவதால். புறஊதாவை இவையும் பெரும்பாலும் உறிஞ்சவே செய்கின்றன. திருப்புவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இவற்றைக் ‘கனிம உறிஞ்சி’ என்றும், ஆக்சிபென்சோன் போன்ற கார்பன் சேர்மங்களைக் ‘கரிம உறிஞ்சி’ என்றும் சொல்லலாம் என்றேன். அதற்கு நீங்கள் எழுதியது:

> ‘உறிஞ்சி’ என்றதும் தோல் உறிஞ்சுவதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆக்சிபென்சோன் இரத்தத்தில் கலக்கிறது என்ற பயம் ஏற்கெனவே பரவியிருக்கிறது, ஐயா.

நியாயமான மறுப்பு அம்மா. அந்தப் பயத்துக்கு வலுச்சேர்த்தது 2019-இல் வந்த ஆய்வு: உடற்பரப்பில் 75 விழுக்காட்டில், நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள் பூசினார்கள். இரத்தத்தில் அந்தச் சேர்மங்களின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டியது. அந்த அளவைத் தாண்டினால் கூடுதல் நச்சுச் சோதனை வேண்டும் என்பதே பொருள். தீங்கு நிரூபணமாகிவிட்டது என்பதல்ல. தோலுக்குள் போவதும் கதிரை வாங்கிக்கொள்வதும் வேறு வேறு, சொல்லும் வேறாக இருக்கட்டும். பள்ளிப் பாடத்தில் ‘உட்கவர் நிறமாலை’ என்று படித்திருக்கிறோம். அந்த வேரிலிருந்தே ‘கனிம உட்கவரி’, ‘கரிம உட்கவரி’ என்று எடுக்கலாம். ‘உறிஞ்சல்’ தோலுக்கு மட்டும்.

‘கரிம’ என்பதை ‘இயற்கை’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆக்சிபென்சோன், அவோபென்சோன் எல்லாமே கரிமச் சேர்மங்கள், ஆலையில் தொகுக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஆர்கானிக்’ என்று ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் தமிழில் தேவையே இல்லை.

பட்டியலில் ‘நீர்புகா’ என்று இருப்பதையும் ‘நீர்தாங்கு’ என்று திருத்த வேண்டும். அமெரிக்க உறைகளில் அந்தத் தாங்குதிறன் 40 அல்லது 80 நிமிடம் என்றே குறிக்கப்படும். அது முடிந்ததும் மறுபடி பூச வேண்டும்.