சோம், 1916 ஜூலை 1: சிப்பாயைச் சாய்த்தது முதுகுச் சுமையா?

சுமைதாங்கி:
முதல் உலகப் போரில் பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாள் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், "ஜெர்மன் மெஷின் கன் சுட்டது, பிரிட்டிஷ் காலாட்படை செத்தது, இதில் ஆராய என்ன இருக்கு?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் சேதம் (மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர்), அதில் 19,240 பேர் மரணம். சுட்டவன் இருந்தான், சரி. சுடப்பட்டவனால் ஏன் ஓட முடியவில்லை? ஏன் சட்டென்று படுத்து எழ முடியவில்லை?

கணக்குப் போடுங்கள். லீ என்ஃபீல்டு துப்பாக்கி பயோனெட்டோடு நாலரை கிலோ. தோட்டா 220, ஒன்று 25 கிராம் என்றால் ஐந்தரை கிலோ. மில்ஸ் கைக்குண்டு இரண்டு, ஒன்றரை கிலோ. தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எஃகுத் தொப்பி ஒரு கிலோ. விஷவாயுவுக்கு ஃபிளானல் முகமூடி இரண்டு, தரைவிரிப்பு, காலி மணல் சாக்கு, டின் இறைச்சியும் பிஸ்கட்டும், முள்கம்பி வெட்டும் கத்திரி, பலருக்கு மேற்கொண்டு ஒரு மண்வெட்டி அல்லது பிக்காசு. மொத்தம் சுமார் 66 பவுண்டு, அதாவது 30 கிலோ. இதைக் கட்டிக்கொண்டு ஏணி ஏறி வெளியே வந்தவனை ஓடு என்றால் எப்படி ஓடுவான்? அந்தச் சுமையை ஏற்றிய உத்தரவுதான் முதல் குற்றவாளி.

வடக்குமாசி:
சுமைதாங்கி ஐயா, பெயருக்கு ஏற்ற வாதம்! ஆனால் அதே சுமையோடு அதே நாளில் ஜெயித்தவர்களை என்ன செய்வீர்கள்? வலப்பக்கக் கோடியில் 30 ஆம் டிவிஷன் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படை) மதியத்துக்குள் மோன்டோபான் ஊரைப் பிடித்துவிட்டது, பக்கத்து 18 ஆம் டிவிஷனும் தன் இலக்கைப் பிடித்தது. அவர்கள் முதுகில் பஞ்சு மூட்டையா இருந்தது? அங்கே பக்கத்திலேயே பிரெஞ்சுப் படையின் கனரகப் பீரங்கிகள் இருந்தன, எதிரியின் பீரங்கிகள் முன்கூட்டியே நொறுக்கப்பட்டன, 18 ஆம் டிவிஷனில் குண்டுமழை கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர, சிப்பாய்கள் அதன் பின்னாலேயே போனார்கள். வித்தியாசம் அங்கே.

இன்னும் துல்லியமான உதாரணம் ஃப்ரிகூர் என்ற ஊர். பத்தாவது வெஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாலியனின் (சுமார் ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) முதல் இரண்டு வரிசை பெரிய சேதமில்லாமல் எதிரி அகழியைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் அதே தரையில் அழிந்தார்கள். அன்று எந்தப் பட்டாலியனுக்கும் இல்லாத அளவு, 710 பேர் சேதம். சுமை ஒன்று, தூரம் ஒன்று, பட்டாலியனும் ஒன்று. இடையில் மாறியது ஒன்றுதான்: ஜெர்மானியர் பதுங்குகுழியிலிருந்து மேலே வந்து மெஷின் கன்னைப் பொருத்திச் சுடத் தயாராகிவிட்டார்கள்.

சுமைதாங்கி:
ஃப்ரிகூர் எனக்குத்தான் சாட்சி சொல்லும். நீங்களே சொல்கிறீர்கள், அது ஓட்டப் பந்தயம். நம் பீரங்கி நிற்கும் நொடிக்கும் அவன் படியேறி மேலே வரும் நொடிக்கும் இடையில் யார் முந்துவது என்பதே கேள்வி. பந்தயத்தில் ஓடுபவன் முதுகில் 30 கிலோ ஏற்றிவிட்டு, "சுமைக்கும் தோல்விக்கும் சம்பந்தமில்லை" என்றால் எப்படி?

தூரத்தையும் பாருங்கள். ஓவில்லர்ஸ் அருகே மேஷ் பள்ளத்தாக்கில் இரு அகழிகளுக்கும் நடுவிலிருந்த சூனியப் பிரதேசம் சில இடங்களில் 700 கஜத்துக்கு மேல். நிமிடத்துக்கு 50 கஜம் நடந்தால் 14 நிமிடம். 20, 30 அடி ஆழக் குழியிலிருந்து ஏறிவர அதில் எத்தனை நிமிடம் வேண்டும்?

குண்டூசி:
ரெண்டு பேரும் எடையை மட்டும் பேசுறீங்க. சாமான் எப்படிக் கட்டப்பட்டிருக்குன்னு யாரும் பேசலை, அதனால நடுவில் வர்றேன்.

1908 மாடல் பருத்தி நாடாச் சாமான் அந்தக் காலத்துக்கு அருமையான வடிவமைப்பு. முன்னால் இடுப்புக்கு மேல பத்துச் சின்னப் பை. பைக்கு மூணு கிளிப், கிளிப்புக்கு அஞ்சு தோட்டா, ஆக 150. மீதியைத் துணிப் பட்டையில் மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கணும். முன்னால் தோட்டாவும் பின்னால் பையும் ஒண்ணையொண்ணு சமன் செய்யும். பெல்ட்டை அவிழ்த்தா சட்டையைக் கழட்டுற மாதிரி மொத்தமும் ஒரே பாகமா வந்துடும். காயம்பட்டவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதிலும் ஒரு கோளாறு இருந்துச்சு. அகழிச் சுவரில் சாய்ந்து நின்னு சுடும்போது இடப்பக்கப் பைகளின் மூடி திறந்து தோட்டா சேத்தில் கொட்டும். அதுக்காகவே 1914ல் அந்தப் பக்கப் பைகளுக்கு மட்டும் கூடுதல் வார் வெச்சுத் தைச்சாங்க.

ஆனா இந்த நாடாவைத் தேவையான வேகத்தில் நெய்ய முடியலை. போர் அமைச்சர் கிச்சனர் அழைப்பில் புதுசா சேர்ந்த பல பட்டாலியன்களுக்குத் தோலில் செஞ்ச 1914 மாடல்தான் கிடைச்சுது. அதில் பத்துப் பைக்குப் பதிலா ரெண்டே ரெண்டு பெரிய பை. நனைஞ்சா தோல் நீளும், பை தொங்கும், ஓடினா தொடையில் அடிக்கும். ஒரே 30 கிலோ, ஆனா ரெண்டு விதமான நடை.

அப்புறம் பிக்காசு. அதை முதுகுக்கும் பைக்கும் நடுவில் செருகுவாங்க. கைப்பிடி தலைக்குப் பின்னால் நீட்டிட்டிருக்கும். குனிஞ்சு முள்கம்பிக்குள்ள நுழைஞ்சா முதலில் மாட்டுறது அதுதான்.

வடக்குமாசி:
குண்டூசி சொன்ன பிக்காசு விஷயம் நன்று. ஆனால் "சுமையால் எல்லோரும் வரிசையாக மெதுவாக நடந்தார்கள்" என்ற படமே அரைப் பொய். பட்டாலியன் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிற்கால வரலாற்றாசிரியர்கள் கொடுத்த கணக்கு இது: முதல் தாக்குதலில் இறங்கிய 80 பட்டாலியன்களில் 53, தாக்குதல் தொடங்கும் நேரமான காலை 7.30 ஆவதற்கு முன்பே ஊர்ந்து போய் எதிரிக் கம்பிக்கு அருகில் படுத்திருந்தன. இன்னும் 10, தம் அகழியிலிருந்தே பாய்ந்து ஓடின. நிதானமாக நடந்தது 12 மட்டுமே. சுமையோடு ஊரவும் முடிந்தது, ஓடவும் முடிந்தது. அப்படியும் செத்தார்கள்.

ஏன் என்றால், கம்பி அறுபடவில்லை. பதினெட்டு பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னெல் குண்டில் 370-க்கும் மேல் ஈயத் தோட்டாக்கள் இருக்கும். அது கம்பிக்கு மேலே சரியான உயரத்தில் வெடித்தால்தான் அறுக்கும். திரியின் நேரம் கொஞ்சம் கூடினால் மண்ணில் புதையும், குறைந்தால் மேலேயே சிதறிவிடும். தொட்டவுடன் வெடிக்கும் 106 ஆம் எண் திரி 1917இல்தான் தாராளமாகக் கிடைத்தது. ஏழு நாள், பதினைந்து லட்சத்துக்கு மேல் குண்டுகள். அவற்றில் ஏராளம் வெடிக்கவே இல்லை. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் இருந்தவனுக்குக் காது வலித்ததைத் தவிரப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. போதாக்குறைக்கு ஹாதார்ன் மேட்டில் எதிரிக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்த வெடியை 7.20க்கே வெடித்து, "பத்து நிமிடத்தில் வருகிறோம்" என்று தகவலும் சொல்லியாயிற்று. சிப்பாய் வெறுங்கையோடு போயிருந்தாலும் அறுபடாத கம்பி முன் நின்றுதான் ஆக வேண்டும்.

கோட்டைமேடு:
நான் ஒரு படி மேலே போகிறேன். சுமை போதவில்லை என்பதே என் கட்சி. சிரிக்காதீர்கள்.

தியெப்வால் பக்கம் 36 ஆம் அல்ஸ்டர் டிவிஷனைப் பாருங்கள். முன்கூட்டியே ஊர்ந்து போய், எழுந்து பாய்ந்து, ஷ்வாபன் கோட்டை என்ற ஜெர்மன் அரண் நிலையைப் பிடித்தார்கள். அன்றைய மிக ஆழமான ஊடுருவல்களில் ஒன்று. பிறகு ஏன் இரவில் திரும்பினார்கள்? கைக்குண்டு தீர்ந்தது, தோட்டா தீர்ந்தது, தண்ணீர் தீர்ந்தது. இரு புறமும் பக்கத்து டிவிஷன்கள் தோற்றதால், தியெப்வால் ஊரிலிருந்த மெஷின் கன்கள் பின்னாலிருந்த திறந்த வெளியைக் குறுக்கே சுட்டு அடைத்துவிட்டன. சுமைக்காரக் குழுக்கள் கடக்கவே முடியவில்லை. அகழிச் சண்டையில் ஒவ்வொரு வளைவுக்கும் கைக்குண்டு வேண்டும். ஆளுக்கு இரண்டு என்பது எத்தனை வளைவுக்குக் காணும்? குண்டுப் பெட்டி ஒன்றில் 12. அதைத் தூக்கி வருபவன் பாதிவழியில் விழுந்தால் அந்த 12ம் போச்சு.

மண்வெட்டியும் சாக்கும்கூட வேலை தெரிந்தே கொடுக்கப்பட்டவை. பிடித்த அகழியின் சுவர் உங்கள் பக்கம் பார்த்திருக்கும். எதிர்த்தாக்குதல் வருவதற்குள் அதை மறுபக்கம் திருப்பிக் கட்டவேண்டும். கைகளால் தோண்டுவதா?

சுமைதாங்கி:
கோட்டைமேடு அண்ணே, சாமான் அக்கரைக்குத் தேவை என்பதை மறுக்கவில்லை. அதை யார், எப்போது தூக்குவது என்பதுதான் வழக்கு. முதல் வரிசைக்காரன் வேலை கம்பியைத் தாண்டி, குழி வாசலில் குண்டு வீசுவது. அவனுக்கு எதற்கு மண்வெட்டி? நான்காவது வரிசைக்குக் கொடுக்கலாமே. ஒரே பட்டியலை எல்லோர் முதுகிலும் ஏற்றியது எழுத்தர் புத்தி.

1917 பிப்ரவரியில் வந்த பிளட்டூன் பயிற்சிக் கையேடு இதைத்தானே செய்தது? பிளட்டூன் என்ற சிறு குழுவை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள்: குண்டு வீசுபவர், லூயிஸ் என்ற இலகு மெஷின் கன்காரர், ரைபிள்காரர், ரைபிளிலிருந்து குண்டு எறிபவர். ஆளுக்கு ஆள் சாமான் வேறு. சுமையில் தப்பில்லை என்றால் ஏன் மாற்றினார்கள்? அறுபடாத கம்பி முன் நிற்பவன் விஷயத்தில் மட்டும் வடக்குமாசி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே சுமை இரண்டாம் பட்சம்.

குண்டூசி:
இதோட நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்டையும் சேர்த்துக்கோங்க. பூமோன் ஹாமெலில் காலை 9.15 வாக்கில் ஏறத்தாழ 800 பேர் கிளம்பினாங்க. மறுநாள் பெயர் கூப்பிட்டப்போ 68 பேர். முன்னே போகவேண்டிய இணைப்பு அகழிகளில் பிணமும் காயம்பட்டவங்களும் அடைச்சுக் கிடந்ததால, பின்னாலிருந்த செயின்ட் ஜான்ஸ் ரோடு அகழியிலிருந்தே மேலே ஏறித் திறந்த வெளியில் நடந்தாங்க. எதிரிக் கம்பி வரைக்கும் போகவேண்டாம். தங்களுடைய சொந்தக் கம்பியில் வெட்டி வெச்சிருந்த இடைவெளியிலேயே பலர் விழுந்தாங்க. எந்தச் சந்து வழியா வருவாங்கன்னு மெஷின் கன்காரனுக்கு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு.

வடக்குமாசி:
அந்த இடைவெளிகளைத்தான் நானும் சொல்ல வந்தேன். சுமைதாங்கி ஐயா, ஒரு இடைவெளியில் இருவர் மூவராக நெருக்கிக்கொண்டு நுழையும்போது, முன்னவன் முதுகுப் பிக்காசு கம்பியில் மாட்டினால் பின்னாலிருக்கும் பத்துப் பேர் நிற்க வேண்டும். அந்த ஒரு இடத்தில் உங்கள் சுமைக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். மோன்டோபானுக்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.