சமீபத்தில் வாசித்த நாவல்களில் உங்களுக்கு மிச்சம் இருப்பது என்ன?

நான் பெரிய வாசகன் இல்லை. வருஷத்துக்கு ஐந்தாறு நாவல், அதிலும் ஒன்றிரண்டு பாதியில் நின்றுவிடும். முடித்ததும் ஒரு வாரத்தில் பாத்திரங்களின் பெயர்கூட மறந்துவிடும். இந்தத் தடவை விளையாட்டாக ஒன்று செய்தேன். ஒரு நாவலை முடித்து ஒரு மாதம் கழித்து, புத்தகத்தைத் தொடாமல், ஞாபகத்தில் இருப்பதை ஒரு தாளில் எழுதுவது. இப்படி நான்கு நாவல்களுக்கு எழுதினேன். கதைச் சுருக்கம் எதற்கும் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு.

முதலில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973). சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடித்தேன். அக்கா ஜமுனா, தங்கை சாயா, ஜமுனாவுக்கு சினிமா ஆசை காட்டிக்கொண்டே இருக்கும் பாஸ்கர் ராவ், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். படித்து முடித்தபோது ‘அவ்வளவுதானா?’ என்றுதான் இருந்தது. ஒரு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால், நான்கில் இதற்குத்தான் தாள் நிறைந்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்கிற இடம் அப்படியே இருந்தது. தேற்றுகிற பேச்சு இல்லை அது, கிட்டத்தட்ட அதட்டல். ஆசிரியர் எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. ‘பாவம் ஜமுனா’ என்று நம்மைச் சொல்லவைக்கவும் முயலவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது நடந்துகொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் எதற்குக் குறியீடு என்று கட்டுரைகளில் விளக்குகிறார்களாம். எனக்கு அது தண்ணீராகவே இருந்தது, அதுவே போதுமாகவும் இருந்தது.

அடுத்து பூமணியின் ‘வெக்கை’ (1982). இதைத் தழுவி வந்த ‘அசுரன்’ படம் பார்த்த பிறகு எடுத்ததால் சண்டையை எதிர்பார்த்துத்தான் போனேன். இங்கே தொடக்கத்திலேயே வெட்டு விழுந்துவிடுகிறது. சிதம்பரம் கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்தான், வெட்டுப்பட்ட ஆளே செத்துப்போகிறான். பையனுக்கு வயது பதினைந்து. அதற்கப்புறம் நாவல் முழுக்க அய்யாவும் மகனும் ஒளிந்து திரிவதுதான். இன்றைக்கு எங்கே படுப்பது, எதைப் பொங்குவது, யார் கண்ணில் படாமல் எந்த வழியாகப் போவது என்று பேச்சு போகிறது. கொலை செய்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த மனுஷன் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. என் தாளில் இருந்த ஒரே வரி: ‘பயத்திலும் பசிக்கிறது’.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) பற்றிக் கலவையான எண்ணம்தான். தீக்காயத்தோடு கிடக்கிறாள் ரேவதி. வெளியே அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், ஒரே மாதிரி அழுகிறார்கள். நடுவில் எனக்குச் சலித்துவிட்டது, பத்துப் பக்கத்தைப் படிக்காமலே தாண்டினேன். பிறகுதான் உறைத்தது, மருத்துவமனை வராந்தாவில் நானும் அப்படித்தான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். சரி, அது உண்மைதான். உண்மையாக இருப்பதாலேயே அத்தனை பக்கம் வேண்டுமா என்பதில் இன்னும் எனக்கு ஒரு முடிவு இல்லை. படுக்கப் போகும்முன் மட்டும் படிக்காதீர்கள்.

கடைசியாக ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). இரண்டு தடவை பாதியில் கைவிட்டேன். ஜப்பானியர்கள் சுமத்ராவின் மெடான் நகரத்துக்குள் நுழைகிறார்கள், பாண்டியன் வருகிறான், பினாங்கு, நேதாஜியின் படை, நடுநடுவே திடீரென்று மதுரைத் தெரு. யார் பேசுகிறார்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே பிடிபடவில்லை. கிட்டங்கி (சரக்குக் கிடங்கு), தொங்கான் (பாய்மரக் கப்பல்) என்று வேறு வார்த்தைகள். மூன்றாவது தடவை எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் வாய்விட்டுப் படித்தேன். அவ்வளவுதான், திறந்துகொண்டது! குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிண்டலடிக்கும் பேச்சு காதில் விழுந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடலில் தொங்கான் புயலில் சிக்கும் இடத்தில் வாக்கியங்கள் குட்டிக் குட்டியாக அடிக்கின்றன, மூச்சு வாங்கிவிட்டது. இந்த மனிதர் இதையும் ‘கடலுக்கு அப்பால்’ நாவலையும் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

உங்களுக்கு எது தங்கியது? கதை வேண்டாம், அதைச் சொல்லுங்கள்.

* * *

என்னுடையது கொஞ்சம் மானக்கேடான அனுபவம். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ படித்தேன். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று இறந்தான் என்று ஆரம்பிக்கிறது. காம்யு ஜனவரி 4-ல் இறந்தது நிஜம் என்பதால் மற்றதையும் நம்பிவிட்டேன். பாதி நாவல் வரை ஜே.ஜே.யின் புத்தகங்கள் தமிழில் வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் கேட்கவும் செய்தேன். அங்கிருந்தவர் சிரிக்காமல், ‘நாவலை முதலில் முடித்துவிட்டு வாங்க’ என்றார்.

முடித்த பிறகு வருத்தமாகத்தான் இருந்தது. ஏமாந்ததற்காக இல்லை, அப்படி ஒருவன் இருந்திருக்கலாமே என்று. கதை என்று கேட்டால் நானும் முழிப்பேன். ஜே.ஜே.யை யாராவது குறை சொன்னால் மட்டும் இப்போதும் கோபம் வருகிறது.

* * *

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கதை மறந்துபோனால் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் மூன்று தடவை படித்திருக்கிறேன், கடைசித் தடவை போன மாதம். வந்தியத்தேவன் எந்த இடத்தில் யாரிடம் மாட்டினான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் ஒன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வீட்டில் பேச்சு வந்தது. படித்தவர்கள் நான்கு பேர், நான்கு பதில். எடுத்துப் பார்த்தோம், சண்டை தீரவில்லை. கல்கி அந்த இடத்தை வேண்டுமென்றே மங்கலாக விட்டிருக்கிறார். கதைக்காகவே படிக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு இது அநியாயம் இல்லையா?

* * *

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, கடைசிக் காட்சி. என்னவென்று சொல்லமாட்டேன். படித்தவர்களுக்குத் தெரியும்.

* * *

படித்தேன். இரண்டு நாள் நானும் சரியாகப் பேசவில்லை.

மேலே கதைக்காக வாதாடியவருக்கு ஒரு வாக்குமூலம். ஞாபகத்தை நம்பி எழுதிய தாள்களை நேற்று புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சிங்காரத்தின் புயலுக்கு எதிரே ‘ஐம்பது பக்கமாவது இருக்கும்’ என்று கிறுக்கி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நம்பிக்கை வராமல் முன்னும் பின்னும் புரட்டினேன். பக்கம் எதுவும் கிழிந்திருக்கவில்லை.