துரவடியிலிருந்து வேலியடிக்கு

களுதாவளைத் தோட்டக்காரன் எழுதியது:

எனக்கு வயது 71. சென்ற மாரிக்கு முன் எங்கள் அரை ஏக்கர் மணற்காணியைப் பக்கத்து வளவுத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். உடம்பு முடியாமல் தோட்டத்தையும் வயலையும் விட்டவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது, இன்றுதான் கை ஓடியது.

காணி மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தானே போகும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளிக்கு முன் அது தென்னந்தோட்டம். ஒரே இரவில் மரமெல்லாம் படுத்துவிட்டன. குற்றிகளை அகற்றி முடித்தபோது, நிழலே அறியாத நிலம் போல வெயில் கொட்டியது. புதிதாகத் தென்னம்பிள்ளை வைத்துக் காய்க்கும்வரை காத்திருக்க எங்களிடம் வசதியில்லை. கத்தரியும் கொச்சிக்காயும் பயிற்றையும் நட்டோம். அன்று பிடித்த மண்வெட்டியை நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல் நான் கீழே வைக்கவில்லை.

எங்கள் ஊர் மணலில் தண்ணீர் நிற்காது. காலையில் ஊற்றியது மாலைக்குள் வேரைத் தாண்டிப் போய்விடும், இரண்டு நேரமும் ஊற்ற வேண்டும். துரவுக்குள், அதாவது மணலில் தோண்டிய படி வைத்த கிணற்றுக்குள் இறங்கி, இரண்டு பூவாளிகளையும் ஒரே அமுக்கில் அமிழ்த்தித் தூக்கி, படியேறி, பாத்தி பாத்தியாக நடக்க வேண்டும். இந்தக் கையில் பத்து லீற்றர், அந்தக் கையில் பத்து லீற்றர். பம்பு வாங்கிய பிறகு அந்த நடை நின்றது. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது பூவாளியை மறுபடி தூக்கினேன். காய் பிடித்து நிற்கும் கத்தரியை வாடவிட மனம் வரவில்லை. வலது முழங்கால் போனது அந்த வருடத்தில்தான். படியேறும்போது மூட்டுக்குள் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம் கேட்கும்.

முழங்காலோடு இன்னும் இரண்டு போகம் சமாளித்திருப்பேன். என்னை நிறுத்தியது பாதம். சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து பதினைந்து வருடமாகிறது. ஒரு நாள் மாலை தோட்டத்திலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி சிமெந்துத் தரையைப் பார்த்தபடி, "இதென்ன இரத்தம்? எங்கே மிதித்தீர்கள்?" என்று கேட்டாள். வாசலிலிருந்து நாற்காலிவரை வலது காலின் அடையாளம் சிவப்பாகப் பதிந்திருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே வேலி முள் ஏறி உள்ளேயே முறிந்து கிடக்கிறது. சுற்றிலும் மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. காலையிலேயே ஏறியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிளினிக்கில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் நார் ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். மூன்று தடவைதான் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மதிய மணலின் சூடு காலைப் பொசுக்கினாலும் உங்களுக்குத் தெரியாது, புண் வந்தால் ஆறாது என்றார் டாக்டர். வாழ்நாள் முழுவதும் பாத்தியின் ஈரத்தை நான் பார்த்தது காலால்தான். எங்கே நனைந்திருக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று கால் சொல்லும். அந்தக் கால் எப்போதோ வாய் மூடிவிட்டதை அன்றுதான் அறிந்தேன்.

மகள் மட்டக்களப்பு நகரத்தில் படிப்பிக்கிறாள். அவளுக்கு இதைச் செய்ய நேரமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பக்கத்துத் தம்பி கட்டாரில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். குத்தகை பேச அரை மணி நேரம் போதுமாக இருந்தது. மற்றதெல்லாம் கொடுக்க ஒரு வருடம் எடுத்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: விடத்தான் வேண்டும் என்று தெரிந்தால், வேலியடியில் நின்று பேசக்கூடிய காலத்திலேயே விடுங்கள். படுக்கையில் விழுந்த பிறகு கொடுத்தால் காணி மட்டும்தான் கைமாறும்.

தம்பி பெரிய பம்பு ஒன்றை இறக்கித் துரவில் போட நினைத்தார். 2004 சுனாமியில் கடல் வந்து போன பிறகு நாங்கள் துரவுகளை இறைத்து இறைத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். இறைக்க இறைக்க உப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழேயிருப்பது மேலே ஏறிவிடும். எங்கள் துரவை மாரி மழைதான் கழுவித் தந்தது. தம்பி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியென்றால் பழைய பம்பே போதும் மாமா" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கடைசியாகக் கொடுத்தது விதை. பழுத்து மஞ்சளான கத்தரியைப் பிளந்து, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கியதை மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பலோடு கலந்து ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து வைப்பேன். அந்தப் போத்தலை நீட்டும்போது கை விடவில்லை. தம்பியும் இழுக்கவில்லை. நான் விடும்வரை நின்றார்.

திருக்கோவிலிலிருந்து ஒரு மகள் எழுதியது:

ஐயா, நீங்கள் செய்ததை நாங்கள் செய்யவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வயல். 79 வயதுவரை பெரும்போகம் தவறவிட்டதில்லை. கண் மங்கிய பிறகும் வரம்பிலே கம்பூன்றி நடப்பார். யானைக் காவலுக்குப் பரணில் ஏற வேண்டாம் என்று கெஞ்சித்தான் நிறுத்தினோம். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், விதைப்புக்கு நாள் நெருங்கிவிட்டதென்று நானும் அண்ணாவும் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். அவரிடம் சொல்லவில்லை. மனதுக்கு ஆகாது என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. அவர் நாள்தோறும் வயலை நினைத்து, "வட்டைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா?" என்று கேட்பார். விட்டாயிற்று என்போம். அது பொய்யில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

குத்தகைக்காரர் நல்ல மனிதர். தைப்பூசத்துக்குப் புதிர், அதாவது புது நெற்கதிர், கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, "உங்கள் வயல் நெல் ஐயா" என்றார். எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா அசையும் கையால் ஒரு கதிரை உருவி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். "இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்" என்றார். பிறகு அவரிடம், "வடக்கு வரம்பில் நண்டு வளை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எப்போதிருந்து தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களிடம் சொல்லாததைத்தான் நெடுநேரம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஆவணியில் அப்பா காலமாகிவிட்டார். கேட்டிருந்தால் தாமே கொடுத்திருப்பார். அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

களுதாவளைத் தோட்டக்காரன் எழுதியது:

மகளே, உங்கள் அப்பா அந்த மணியைக் கடித்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி வெளியே போய் நின்றேன். அவர் உங்கள் மேல் கோபத்தோடு போயிருக்க மாட்டார். நானும் ஒரு தகப்பன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

இன்று மாலை தம்பி வந்திருந்தார். பயிற்றைக் கொழுந்தில் கறுப்பாகப் பேன் அடைந்திருக்கிறதாம், மருந்து வாங்கி அடிக்கட்டுமா என்று கேட்டார். கடைக்குப் போக வேண்டாம், அடுப்புச் சாம்பலைச் சலித்து வையுங்கள், இலையில் பனி இருக்கும்போதே தூவினால்தான் ஒட்டும் என்றேன். எவ்வளவு தூவுவது என்று வாயால் சொல்லத் தெரியவில்லை. மனைவி சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். விடிவதற்கு முன் வேலியடிக்குப் போக வேண்டும்.