டிராக்‌ஷன் பார் மாட்டியும் பின்சக்கரம் துள்ளுகிறது, அவசர உதவி தேவை

தக்கலைத் தம்பி:
ஞாயிற்றுக்கிழமை டிராக் ஓட்டத்துக்கு வண்டி போக வேண்டும். கிளட்சை விட்டவுடன் பின்பக்கம் தடதடவென்று துள்ளுகிறது. டிராக்‌ஷன் பார் (ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் இரும்புத் தண்டு) மாட்டியும் நிற்கவில்லை. பாரின் முன்நுனிக்கும் மேலே உள்ள ஸ்பிரிங்குக்கும் இடைவெளி எவ்வளவு வைப்பது?

குளச்சல் டீசல்:
என்ன வண்டி தம்பி? பின்னால் ஸ்பிரிங் பிளேட்டா, காயிலா?

ரப்பர்க்காடு:
டயரில் காற்றைக் குறையுங்கள். துள்ளலெல்லாம் காற்றால் வருவதுதான்.

பட்டறைப் பெரியவர்:
வண்டியின் பெயரே இல்லாமல் வைத்தியம் கேட்கிறார், அதற்கு மருந்தும் எழுதிவிட்டார்கள். நல்ல ஊர்.

தக்கலைத் தம்பி:
மன்னிக்கவும். அம்பாசடர், இசுசூ 1800 பெட்ரோல் என்ஜின். பின்னால் பிளேட்டு. பாரை நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் செய்தோம். முன்நுனியில் ரப்பர் குண்டு, இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி.

பட்டறைப் பெரியவர்:
யாருடைய விரல்?

குளச்சல் டீசல்:
அண்ணே, விடுங்கள். தம்பி, குண்டு பிளேட்டில் எந்த இடத்தில் போய் முட்டுகிறது?

தக்கலைத் தம்பி:
ஆக்சிலுக்கும் முன்கண்ணுக்கும் (பிளேட்டு சேசிஸில் மாட்டும் முன்வளையம்) நடுவில்.

பட்டறைப் பெரியவர்:
அங்கேதான் கோளாறு. சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளும்போது ஆக்சில் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு, ஷாஃப்ட் மாட்டும் மூக்கைத் தூக்கும். பிளேட்டு பாம்புபோல் நெளிந்து, சட்டென்று நிமிரும். அந்த நிமிர்வுதான் துள்ளல். பார் நடுவில் முட்டினால் பிளேட்டையே வளைக்கிறது. குண்டு முன்கண்ணுக்கு நேர் கீழே முட்ட வேண்டும், பலம் சேசிஸில் போய் இறங்க வேண்டும். பிளேட்டை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிடு. பிறகு சமதரையில் நிறுத்தி, உன் எடைக்கு ஓர் ஆளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து அள. இடப்பக்கம் அரை அங்குலத்தில் தொடங்கு. வலப்பக்கம் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

ரப்பர்க்காடு:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், ஓட்டுநரின் எடையே அங்கே அழுத்துகிறது. இடப்பக்கத்தைத்தான் நெருக்க வேண்டும்.

பட்டறைப் பெரியவர்:
என்ஜினுக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று தெரியாது. முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள்போல் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி ஷாஃப்ட் வழியாக வந்து ஆக்சிலின் இடக்கோடியைத் தரையில் அழுத்தும், வலக்கோடியைத் தூக்கும். தூக்குகிற பக்கத்தில்தான் பார் முதலில் முட்ட வேண்டும். உங்கள் உடல் எடை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

ரப்பர்க்காடு:
சரி, குண்டையாவது வெளியூரில் வாங்க வேண்டாம். குலசேகரம் பக்கம் காய்ந்த ரப்பர் ஷீட் கிடைக்கிறது, அடுக்கி வெட்டிக்கொள்ளலாம்.

குளச்சல் டீசல்:
பச்சை ஷீட்டையா? கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். டிஃபரன்ஷியல் ஆயில் கசிந்தால் ஊதிப்போகும். யூரித்தேன் (ரப்பர் போன்ற செயற்கைப் பொருள்) குண்டு போடுங்கள்.

ரப்பர்க்காடு:
ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு யூரித்தேனா! பிறகு ஷீட்டுக்கு விலை எப்படி ஏறும்?

குளச்சல் டீசல்:
நான்கு குண்டு வெட்டினால் விலை ஏறிவிடுமா?

ரப்பர்க்காடு:
மரத்துக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டிய செலவு உங்களுக்கு என்ன தெரியும்? இந்த மழையில் பால் வெட்டு வாரத்தில் இரண்டு நாள்கூட நடக்கவில்லை.

பட்டறைப் பெரியவர்:
இழை அம்பாசடருக்காகத் தொடங்கியது என்பதை நினைவூட்டுகிறேன்.

தக்கலைத் தம்பி:
பாரை நீட்டி, குண்டைக் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்தேன். துள்ளல் நின்றுவிட்டது. நன்றி.

குளச்சல் டீசல்:
நல்லது. வலப்பக்கம் கடைசியில் எவ்வளவு வைத்தாய்?

குளச்சல் டீசல்:
தம்பி?

ரப்பர்க்காடு:
காற்றையும் குறைத்திருப்பார்.